எட்டாம் நம்பர்

வாகையடி முக்கில் அன்றைக்கு
நாலு குழாய் கட்டியிருந்தேன்.
முந்நூற்றைம்பது பேசி இருநூறு வந்திருந்தது.
மழை வரும்போலிருந்து வராமல் போன ஐப்பசி.

மூணு வருசத்துக்கு முந்தி
இதே முக்கில், இதே மைக்கில்தான்
தலைவர் சொன்னார்:
"படை போகிறது. பத்தே நாள்.
பூப்போலத் திரும்பும்."
பத்து நாளைக்கு எத்தனை நாள் என்று
தருவைக்காரி முப்பிடாதியைக் கேட்டால் சொல்லுவாள்.

அவள் புருசன் சொரிமுத்து
கடலுக்கு அந்தப் பக்கமிருந்து போட்டது மூணு கடுதாசி.
ரெண்டில் நலம், நலமறிய ஆவல்.
மூணாவதில்:
"இங்க உள்ளவ நம்மள மாதிரியேதான் பேசுதாவ.
வீட்டுக்குள்ள தேடப் போனா கும்புடுதாவ.
தண்ணி கேட்டாத் தாராவ.
செம்பைத் திருப்பி வாங்கையில
எப்பம் போவியன்னு கேக்காவ.
எனக்குப் பதில் தெரியல."

நாலாவதாகத் தகரப் பெட்டி வந்தது.
சட்டை ரெண்டு, சவரக்கத்தி,
ஐயனார் கோயில் துன்னூறு மடித்த காகிதம்,
எல்லாம் அவனுதுதான்.
பூட்ஸ் மட்டும் எட்டாம் நம்பர்.
அவன் கால் ஆறு.
கல்யாணத்துக்குச் செருப்பெடுக்கப் போன அன்றைக்கு
ஆம்பளைக்கு ஆறா என்று கடைக்காரன் சிரித்ததும்
இவன் காதெல்லாம் சிவந்ததும்
அவளுக்கு மறக்கவில்லை.

அளவு மாறி வந்திருக்கே,
ஆளும் மாறியிருக்குமோ என்று
கொக்கிரகுளத்தில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி
எழுதி எழுதிப் போட்டாள்.
பதினோரு மனுவுக்கு ஒரு பதில்:
"பதிவேடுகளில் பிழை ஏதுமில்லை."

அந்தப் பூட்ஸோடு வந்து நின்றாள்.
தலைவர் அப்போது உச்சத்தில் இருந்தார்:
"அனுப்பியதும் சரி! அழைத்துக்கொண்டதும் சரி!"
கைதட்டல். பாதிக் கூட்டம்தான்,
மீதி சுண்டல்காரனைச் சுற்றி நின்றது.
ரெண்டும் சரின்னா
நடுவுல செத்ததை எதுல எழுத என்று
வயர் சுற்றுகிற காஜா கேட்டான்.
சும்மா இருல என்றேன்.

யாரோ இரக்கப்பட்டு
மைக்கை அவள் பக்கம் திருப்பிவிட்டார்கள்.
"ஐயா, போனது தப்புன்னு நீங்க சொல்லாண்டாம்.
பூட்ஸ் தப்புன்னு மட்டும் சொல்லுங்க.
நான் அழவா வேண்டாமான்னு
ஒரு முடிவு கட்டிக்கிடுதேன்.
இன்னொண்ணு…"

அதற்குள் மாவட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பார்த்தது மட்டும்தான்.
என் கை போய்த் திருகைக் குறைத்தது.
அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
நாலு குழாயும் இரும்பாக நின்றன.

தலைவர் குனிந்து பூட்ஸை வாங்கினார்.
எடை பார்க்கிறவர் மாதிரிக் கொஞ்சம் வைத்திருந்தார்.
மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
பக்கத்தில் ஏதோ சொன்னார்.
பிறகு தூக்கிக் காட்டினார்:
"பாருங்கள், இதுதான் தியாகம்!"
விசில் பறந்தது.
அவிழ்ந்த நாடா ஒன்று
அவர் பட்டுச் சால்வைமேல் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மீதிப் பணம் கேட்காமலே வந்தது,
கூட ஐம்பது சேர்த்து.
எண்ணித்தான் வாங்கினேன்.

பேச்சைக் கேசட்டில் பிடித்து வைக்கச் சொன்னவர்கள்
அதை வாங்க வரவே இல்லை.
குழாயைத்தான் அடைக்கலாம்,
கேசட்டுக்கு அது தெரியாது.
பொத்தின கைக்குள்ளிருந்து நாலு விநாடி:
"தப்பாப் போச்சுய்யா…"
அப்புறம் இரைச்சல்.
படையா, பூட்ஸா,
அவளை மேடைப்பக்கம் விட்டதா,
எது என்று சொல்லவில்லை.
சுற்றிச் சுற்றிக் கேட்டதில்
அந்த இடத்தில் நாடா நைந்துவிட்டது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்
ஊர் கேட்க நான் விடாதது
தெளிவாகவே இருக்கிறது,
இருமலோடு, அவள் குரலில்:

"இன்னொண்ணு ஐயா,
அந்த எட்டாம் நம்பர் கால்காரன்
எந்த ஊருன்னு விசாரிங்க.
அவுக வீட்டுலயும்
ஆறாம் நம்பர வச்சிக்கிட்டு
முழிச்சிக்கிட்டுல்லா இருப்பாவ."